ஆவன செய்த பூதம்

அன்பும் அடக்கமும் ஒருங்கே அமைந்த மைத்துனருக்கு,

பொருள்: வீட்டு உதவிப் பூதத்தைத் திரும்ப எடுத்துச் செல்லக் கோருதல் – தொடர்பாக.
பார்வை: தாங்கள் அதை நேரில் வந்து என் தலையில் கட்டிய நாள்.

இங்கு நான் சௌக்கியம். தங்கள் அக்கா சௌக்கியமா என்பது எனக்குத் தெரியாது, ஏனென்றால் அவள் இங்கு இல்லை. நான்கு நாட்களாகப் பெரியக்கா வீட்டில் இருக்கிறாள். இதற்கு முழுப் பொறுப்பும் தங்கள் தொழிற்சாலையையே சேரும் என்பதைக் கீழே விளக்கியிருக்கிறேன். பாதியில் மடித்து வைக்காமல் கடைசி வரை படிக்கவும்.

நான் ஓய்வு பெற்ற அன்று தங்கள் தொழிற்சாலையில் செய்து தாங்கள் கொண்டுவந்த பரிசு நினைவிருக்கும். இரும்பு பீரோ உயரம், முன்பக்கம் மூன்று கடிகார முகங்கள், உள்ளே செம்புச் சுருள், சுருளுக்கு மேல் மந்திரம் பொறித்த தகடு, தகட்டுக்குப் பின்னால் கண்ணாடிக் குழாயில் பச்சையாய்ச் சுருண்டு கிடக்கும் பூதம். "மின்சாரம் பாதி, மந்திரம் பாதி அத்தான். கரண்ட் போனா மந்திரம் இழுத்துக்கும், மந்திரம் தேஞ்சா கரண்ட் இழுத்துக்கும்" என்றீர்கள். எதிர்வீட்டுக்காரர் தன் பறக்கும் கம்பளத்துக்கு பேட்டரி மாற்ற மறந்து தண்ணீர்த் தொட்டி மேல் மாட்டிக்கொண்டு தவித்த வாரம் அது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. தம்பி கொடுத்தது என்று தங்கள் அக்காதான் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டாள்.

வாயால் சொன்னால் பூதத்துக்கு எட்டாது, சீட்டில் எழுதிப் போட வேண்டும், என்ன, எங்கே, எப்போது, எவ்வளவு என்று நான்கும் எழுத வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறதாம். நான் கையேட்டைப் பிரிக்கவில்லை. முப்பத்து நான்கு வருடம் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தவன் குறிப்பு எழுத ஒரு பீரோவிடம் பாடம் கேட்பதா? என் மேசைக்கு வந்த எந்தக் காகிதத்திலும் நான் எழுதியது இரண்டே சொற்கள்: "ஆவன செய்யவும்." யார் செய்வது, எதைச் செய்வது என்பதெல்லாம் கீழே இருப்பவர்கள் பாடு. இதனால் ஒரு குறையும் வந்ததில்லை. வந்திருந்தால் அந்தக் குறையின் மேலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

ஆகவே முதல் சீட்டில் "சமையலறைக் குழாய் சொட்டுகிறது, ஆவன செய்யவும்" என்று எழுதிப் போட்டேன். மூன்று கடிகாரங்களும் சுழல, பூதம் வெகுநேரம் யோசித்தது. மறுநாள் முதல் குழாய் காலை பத்து மணிக்குச் சொட்ட ஆரம்பித்து, ஒன்றிலிருந்து இரண்டு வரை உணவு இடைவேளை விட்டு, ஐந்து மணி அடித்ததும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. "உங்ககிட்டதான் வேலை கத்துக்கிட்டிருக்கு" என்றாள் தங்கள் அக்கா. உள்ளதைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. அடுத்து மேல்மாடிக்காரர். மனிதர் கிளாரினெட் பழகுகிறார், மூன்று மாதமாக ஒரே பாட்டு, அதுவும் முதல் பாதி மட்டும். அதற்கும் ஒரு சீட்டு. அன்றோடு சத்தம் நின்றது. மாடிப்படியில் பார்த்தேன், பாவம், வாத்தியத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டு போகிறார், கன்னம் உப்ப ஊதினாலும் காற்றுதான் வருகிறதாம். எனக்கென்ன தெரியும், பூதம் அத்தனை சத்தத்தையும் சேகரித்து எங்கள் மாவு டின்னில் பத்திரப்படுத்தியிருக்கிறது என்று? தங்கள் அக்கா மூடியைத் திறந்தாள். மூன்று நாள் கிளாரினெட்டும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. டின் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், மாவு எல்லாப் பக்கமும்.

எழுந்து தலையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "அதைக் குத்தம் சொல்லாதீங்க. என்ன வேணும்னு ஒழுங்கா கேக்கத் தெரியாதவருக்கு அது என்ன பண்ணும்? நான் சொல்றது காதுல விழுதா இல்லையா?" நான் செய்தித்தாளில் மூழ்கியிருந்தேன். "ம்" என்றேன். "முப்பத்தொரு வருஷமா இதே ம்" என்றாள்.

சரி, இதற்கும் ஒரு வழி பண்ணிவிடுவோம் என்று நல்ல எண்ணத்தில்தான், மச்சான், மூன்றாவது சீட்டு எழுதினேன். "மனைவி பேசுவது என் காதில் விழுவதில்லை எனப் புகார். ஆவன செய்யவும்." பூதம் குழாய்க்குள் எழுந்து நின்றது. அது நின்று நான் பார்த்ததில்லை. வீட்டுச் சுவரெல்லாம் லேசாக அதிர்ந்தது, பெட்டியின் வாயிலிருந்து காகிதச் சுருள் வர ஆரம்பித்தது. வந்தது, வந்தது, கூடத்தைத் தாண்டி பால்கனியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. நான் காதில் வாங்காமல் விட்ட அவள் பேச்சு அத்தனையும், தேதிவாரியாக, சுவர் நினைவு வைத்திருந்தபடி. ஒவ்வொன்றுக்கும் எதிரில் "நிலுவை" என்று முத்திரை.

அவள் தரையில் உட்கார்ந்து படித்தாள். முதலில் சிரித்தாள். "ஜன்னல் கொக்கி கழண்டிருக்கு" இருபத்தாறு தடவை வந்ததற்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு ஓரிடத்தில் சிரிப்பு நின்றது. நானும் எட்டிப் பார்த்தேன். "ஒரு தரம் கடலுக்குக் கூட்டிட்டுப் போங்க." பதினோரு தடவை. கடைசியாகக் கேட்டது ஒன்பது வருடத்துக்கு முன்னால். அப்புறம் கேட்கவே இல்லை. இப்போதாவது நான் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "எந்தக் கடலுக்கு?" என்றுதான் கேட்டேன். அவள் எழுந்து போய்த் துணிப்பெட்டியைக் கட்டினாள்.

நான்காவது சீட்டை அன்றைக்கே போட்டேன். "மனைவி போய்விட்டார். ஆவன செய்யவும்." இந்த ஒரு சீட்டைத்தான், மச்சான், பூதம் திருப்பி அனுப்பியது. அடியில் என் கையெழுத்து மாதிரியே எழுதியிருந்தது: "இப்பொருள் தங்கள் பிரிவைச் சார்ந்தது. தங்களுக்கே திருப்பப்படுகிறது." ஒரு பீரோவுக்கு எத்தனை வாய்க்கொழுப்பு பாருங்கள். வேலை செய்த காலத்தில் நானே இப்படி எத்தனையோ பேரைத் திருப்பியிருக்கிறேன். அவர்களெல்லாம் இப்படித்தான் வாசலில் நின்று கையைப் பிசைந்திருப்பார்களா என்று நான்கு நாளாக யோசனை. வீட்டில் பேச ஆளில்லை. காது இப்போது நன்றாகத்தான் கேட்கிறது, கேட்பதற்குத்தான் ஒன்றுமில்லை.

எனவே, (அ) பூதத்தை உடனே எடுத்துச் செல்லவும். (ஆ) தவறு முழுவதும் இயந்திரத்துடையது, அத்தான் மேல் குற்றமில்லை என்று தொழிற்சாலை முத்திரையுடன் தங்கள் அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதவும். நான் நேரில் போய் நிற்பதாக இல்லை. எனக்கும் ஒரு மரியாதை இருக்கிறது.

தங்கள் குழந்தைகள் நோய் நொடியின்றி வளர்ந்து, தங்களைப் போல யாருக்கும் பரிசு கொடுக்காமல் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அத்தான்

பி.கு.: மேலே (அ), (ஆ) இரண்டும் ரத்து. தபாலில் சேர்க்கப் போனவன் பஸ் ஏறிவிட்டேன். பெரியக்கா வீட்டு வாசலில் முக்கால் மணி நேரம் நின்றேன். பிறகு கதவு திறந்தது. என்ன, எங்கே, எப்போது, எவ்வளவு, நான்கையும் சொல்லிக் கேட்டேன்: கடலுக்கு, கிழக்குக் கரைக்கு, இன்றைக்கே, நீ போதும் என்கிற வரைக்கும். அவள் துணிப்பெட்டியை இன்னும் பிரிக்கவே இல்லை. இதை ரயிலில் எழுதுகிறேன். கடிதம் முழுவதையும் வாங்கிப் படித்துவிட்டு, "பூதம் நல்லாத்தான் இருக்கு, ரிப்பேர் வேற இடத்துலன்னு தம்பிக்கு எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன். இப்போது வேறு ஏதோ சொல்கிறாள். எழுதிக்கொண்டே கேட்க எனக்கு வராது. நிறுத்துகிறேன்.