வசந்தம் எந்த டிபார்ட்மெண்ட்?

விருதுநகர் மாவட்டத்துக்கு வசந்தகாலம் என்று ஒன்று வருவதாக நம்பிய ஒரே மனிதர் எங்கள் வசந்தம் பாய்தான். மற்ற எல்லோருக்கும் தெரிந்தது வெயில், கடும் வெயில், மழை வருவதுபோல் இருந்து வராமல் போவது ஆகிய மூன்று மட்டுமே. சிவகாசிக்காரரிடம் சீசன் எப்போது என்று கேட்டுப் பாருங்கள், தீபாவளி ஆர்டரைப் பற்றித்தான் பேசுவார். பங்குனி மாதத்தில் பஸ் கம்பியைத் தொட்டால் கை பொத்துப்போகும் ஊர் இது. அங்கே ஒருவர் நெற்றி வேர்வையை வழித்துப் போட்டுவிட்டு, "பாத்தீகளா தம்பி, வசந்தம் வந்திருச்சு" என்று சொன்னால் அவரை என்னவென்று கூப்பிடுவது? அப்படியே கூப்பிட்டுவிட்டோம். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் ஆபீஸ் கேஷியருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்கிறேன்.

சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் கம்ப்யூட்டரில் டிசைன் செய்பவன். அவர் ஆர்டர் பிடிக்கும் மேனேஜர். இருவருக்கும் வீடு விருதுநகர், காலையில் ஒரே பஸ். பாயின் குடும்பம் மண்டிக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாம் மல்லி, வத்தல் என்று கமிஷன் கடையில் உட்கார்ந்திருக்க, இவர் ஒருவர் மட்டும் வத்தல் நெடிக்குத் தும்மித் தும்மியே காலண்டர் பக்கம் வந்து சேர்ந்தவர்.

துபாயிலிருந்து திரும்பிய மைத்துனர் மகன் அவருக்கு ஒரு கேமரா கொடுத்திருந்தான். அதை அவர் வைத்துக்கொண்டிருந்த சீரைப் பார்க்க வேண்டும். கேமராவுக்கு வெயில் ஆகாது என்று அதற்கு ஒரு குடை பிடிப்பார். குடை கேமராவுக்கு மட்டும், வெயில் அவருக்கு. பஸ்ஸில் துண்டு சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் ஓர் அம்மா, கைக்குழந்தை என்று நினைத்து எழுந்து இடம் கொடுத்துவிட்டார். பாய் நன்றி சொல்லி உட்கார்ந்தும் விட்டார். "பையனா, பொண்ணா?" என்று அந்த அம்மா குனிந்து கேட்டபோதுதான் எனக்கு அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடலாமா என்று இருந்தது.

படம் எடுக்கும்போது அவர் எல்லோரிடமும் பேசுவார். எல்லோரும் என்றால் ஆடு, சைக்கிள், மரம் எல்லாம் சேர்த்தி. பூத்த வேப்பங்கொப்பு ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். பாய் கேமராவை இறக்கிவிட்டு, "அவசரமில்லம்மா, நின்னதும் சொல்லு" என்பார்.

எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அடுத்த வருடத்துக்கான மாதக் காலண்டர் படங்களை அவர் பங்குனியிலேயே தேர்ந்தெடுத்துவிடுவார். ஏப்ரல் பக்கத்துக்கு வருடம் தவறாமல் ஏதாவது வெளிநாட்டுப் பூந்தோட்டம் வரும். அந்த வருடம் பாய்க்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, இது எந்த ஊருப் பூ? பேரே நமக்கு வாயில நுழையலயே. நம்ம ஊரு வசந்தத்தப் போடுவோம்."

"நம்ம ஊரு வசந்தமா? அது எங்கன இருக்கு பாய்?"

"தெருவுலதான் இருக்கு. நாமதான் பாக்குறதில்ல."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். "சரி பாய். பங்குனி முடியிறதுக்குள்ள ஒரே ஒரு படம் கொண்டாங்க. பாக்குறவனுக்கு வேர்க்கக் கூடாது. அப்படி இருந்தா ஏப்ரல்ல போடுறேன். இல்லைன்னா இனிமே இந்த ஆபீஸ்ல வசந்தம்ங்கிற வார்த்தையே எனக்குக் கேக்கக் கூடாது. தம்பி, நீங்களும் கூடப் போங்க. இவரு மயங்கி விழுந்தா தூக்குறதுக்கு ஆள் வேணும்."

இப்படியாக நான் குடை பிடிக்கும் உத்தியோகத்துக்கு மாற்றப்பட்டேன்.

முதலில் விருதுநகரில் ஒரு பழைய தெருவுக்குப் போனோம். தெருக் கடைசியில் ஒரு வேப்பமரம் உடம்பெல்லாம் பூத்து நின்றது. பாய் நடுத்தெருவில் கால் பரப்பி நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, எட்டு வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார்: "தம்பி, அந்தப் படிக்கட்டு ரொம்ப வெளிய வந்திருக்கு. அது இல்லைன்னா நல்லா இருக்கும்."

அவ்வளவுதான். ஒரு ஜன்னல் திறந்தது. ஒரு ஜன்னல் மூடியது. "முனிசிபாலிட்டில இருந்து வந்திருக்காக, படிக்கட்ட இடிக்கப் போறாகளாம்" என்று செய்தி எங்களுக்கு முன்னால் ஓடியது. தெருவை அடைத்து நின்ற பைக்குகள் வீட்டுக்குள் ஏறின. ஒரு கடைக்காரர் பெஞ்சை உள்ளே இழுத்தார். ஒருவர் தகர நிழற்கூரையை மடக்கி, அது எப்போதுமே மடங்கித்தான் இருந்தது என்பதுபோலப் பக்கத்தில் நின்றுகொண்டார். பாய் அசந்துபோனார்.

"பாத்தீகளா தம்பி! வசந்தம் வந்ததும் தெருவே விரியுது!"

இடுப்பில் பிளாஸ்டிக் குடத்தோடு ஓர் அக்கா எங்களை மறித்தார். "படிய இடிங்க, இடிக்காமப் போங்க. தண்ணி எப்ப வரும், அதச் சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதே தாயி" என்றார் பாய்.

அந்த அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தெரியாததத் தெரியாதுன்னு சொல்ற மொத ஆபீசர் நீங்கதான்" என்று உள்ளே போய் இரண்டு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

படங்களை ஆபீஸில் போட்டுப் பார்த்தோம். மரம் அருமையாக வந்திருந்தது. ஆனால் வாசலுக்கு வாசல் ஒரு முகம் திகிலடைந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வசந்தத்தைக் கண்டு இப்படி நடுங்கும் ஜனங்களைக் காலண்டரில் போட்டால் வாங்குகிறவன் என்ன நினைப்பான்?

பங்குனி முடியப் போகும் நேரம். பாய் பஸ்ஸில் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அது எனக்கே சங்கடமாக இருந்தது. அந்த வாரத்தில் ஒருநாள் விஸ்வநத்தம் பக்கம் ஒரு ஆர்டர் விஷயமாக என் பைக்கில் போய்க்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். "நிறுத்துங்க, நிறுத்துங்க!" நான் டயர் பஞ்சர் என்று நினைத்தேன்.

ஒரு பட்டாசுத் தொழிற்சாலையின் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரத்தில், ஒரு புங்கமரம். கீழே பொரி கொட்டியதுபோல வெள்ளையாகப் பூ உதிர்ந்து கிடந்தது. சுற்றிலும் காய்ந்த காடு. பாய் ரோட்டிலேயே மண்டியிட்டுவிட்டார். நான் குடையை விரித்தேன்.

எங்கள் பக்கத்தில் கேட்டுக்கு முன்னால் கேமராவோடு ஓர் ஆள் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இன்ஸ்பெக்ஷன். அதுவும் குடை பிடிக்க உதவியாளரோடு வந்திருக்கிறார் என்றால் பெரிய அதிகாரி. வாட்ச்மேன் உள்ளே ஓடினார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மேனேஜர் வெளியே ஓடிவந்தார்.

"சார், வணக்கம் சார். எந்த டிபார்ட்மெண்ட் சார்?"

கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் பாய் சொன்னார், "வசந்தம்."

"சென்னையா சார், டெல்லியா?"

"எல்லா ஊருக்கும் வரும். இங்க கொஞ்சம் முந்தியே வந்திருச்சு."

மேனேஜர் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டார். "முன்கூட்டித் தகவல் எதுவும் வரலியே சார்?"

"தகவல் சொல்லிட்டா வரும்? நாமதான் கண்ணத் தொறந்து வச்சிருக்கணும்."

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். "முதலாளி, வசந்தம்னு புதுசா ஒரு டிபார்ட்மெண்ட் ஆரம்பிச்சிருக்காக போல. கண்ணத் தொறந்து வைக்கச் சொல்றாக. ஆமா முதலாளி, மண்டி போட்டு அளக்காக." நான் உண்மையைச் சொல்ல வாய் திறப்பதற்குள் உள்ளே மணி அடித்தது. இன்ஸ்பெக்ஷன் என்றால் வேலையை நிறுத்திவிடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஷெட்டுகள் பூட்டப்பட்டன. அக்கம்பக்கத்து யூனிட்டுகளிலும் மணிச் சத்தம் கேட்டது. வேலைக்கு வந்த பெண்கள் தூக்குச்சட்டியோடு கூட்டமாக வெளியே வந்தார்கள். வேன் வர நேரமாகும். நிழல் இருந்தது ஒரே இடத்தில்தான். புங்கமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

முழங்கை வரைக்கும் அலுமினியப் பவுடர் அப்பி அவர்கள் கைகள் வெள்ளியில் வார்த்ததுபோல மின்னின. தலையிலும் மடியிலும் பூ விழுந்துகொண்டிருந்தது. எதிர்பாராத லீவு கிடைத்த சந்தோஷத்தில் ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்தார்கள். பாய் கேமராவை இறக்கிவிட்டு அருகில் போனார்.

"தாயி, உங்கள ஒரு படம் எடுத்துக்கிடவா? காலண்டர்ல போட."

எஸ்தர் என்று ஓர் அக்கா. அந்தக் கூட்டத்துக்கே அவர்தான் வாய். அவர் பாயை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார், "வெடிச்சாத்தாம்ணே எங்களப் போட்டோ எடுக்க வருவாக. இன்னைக்கு ஒண்ணும் வெடிக்கலயே, எதுக்கு வந்தீக?"

சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பாய் அண்ணாந்து கிளையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "மொட்டு வெடிச்சிருக்கு தாயி. அதான் வந்தேன்."

எஸ்தர் அக்கா அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். "அட, ஆமா!" என்று அவர் சிரித்தார் பாருங்கள், அந்த நொடியில் பாய் பொத்தானை அழுத்தினார்.

கதை அதோடு முடிந்திருந்தால் நாங்கள் கௌரவமாகத் திரும்பியிருப்போம். மேனேஜர் இளநீரோடு வந்தார். நல்ல ஆர்டர் மேனேஜர் யாரைப் பார்த்தாலும் என்ன செய்வார்? பாய் சட்டைப் பையிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டி, "காலண்டர் ஏதும் தேவைன்னா சொல்லுங்க" என்றார். மேனேஜர் கார்டைப் படித்தார். திருப்பிப் படித்தார். பிறகு பாயின் கையிலிருந்த இளநீரை வாங்கிக்கொண்டார். பாய் ஏற்கெனவே ஸ்ட்ரா போட்டிருந்தார்.

மறுநாள் அந்தத் தொழிற்சாலை முதலாளியே எங்கள் ஆபீஸுக்கு வந்துவிட்டார். பின்னால் மேனேஜர். வருடா வருடம் நேராக அண்ணாச்சியிடமே பெரிய ஆர்டர் கொடுப்பவர் அவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணாச்சி எழுந்து நின்றே பேசினார். அரை நாள் வேலை போச்சு, பக்கத்து யூனிட்காரர்கள் எல்லாம் போன் போட்டுத் திட்டுகிறார்கள், இனி உங்களுக்கு ஆர்டர் கிடையாது என்று முதலாளி கத்த, அண்ணாச்சி பாய் பக்கம் திரும்பினார்.

"பாய், மன்னிப்புக் கேளுங்க. அந்தப் படத்த இப்பவே அழிங்க."

பாய் எழுந்தார். "அரை நாளுக்கு மன்னிப்புக் கேக்கேன் முதலாளி. தப்புதான். படத்த அழிக்க மாட்டேன். ஏப்ரல் பக்கத்துக்காக அந்தப் புள்ளைககிட்டக் கேட்டு எடுத்தது."

"அப்போ வேலை வேண்டாமா?" என்றார் அண்ணாச்சி.

பாய் கேமராவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் மகள் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

"அப்படி என்னய்யா படம் அது? காட்டு" என்றார் முதலாளி. நான் அதைத் திரை முழுக்கப் பெரிதாக்கினேன். முதலாளி திரைப் பக்கம் நகர்ந்தார்.

"இது எந்த ஊரு?"

"உங்க கேட்டு வாசல்தான் முதலாளி."

"நம்ம கேட்லயா? அங்கன மரம் இருக்கா?"

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். "உங்க கார் தினமும் அதுக்குக் கீழதான் நிக்கிது முதலாளி."

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இது யாரு, எஸ்தரா? இது சிரிக்குமா?"

"லீவு விட்டாச் சிரிக்கும் முதலாளி" என்றார் பாய்.

முதலாளி நிமிர்ந்து பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். "எங்க காலண்டர்ல இதையே ஏப்ரலுக்குப் போட்டுருங்க. அந்தப் பூ இருக்கிற இடத்துல என் போட்டோவ ரவுண்டா வச்சுருங்க."

தப்பித்தோம் என்று நானும் அண்ணாச்சியும் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டிருக்கும்போது பாய் மறுபடியும் வாயைத் திறந்தார். "மரத்துல மனுசத் தல காய்க்காது முதலாளி."

அண்ணாச்சி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு நடந்த பேரத்தை விவரித்தால் இந்தப் பத்திரிகையில் இடம் போதாது. கடைசியில் முதலாளியின் வட்டப் படம் ஜூன் மாதத்து அருவிக்குப் பக்கத்தில் போனது. குற்றாலத்தில் குளிக்க டோக்கன் வாங்கியவர்போல அவர் முப்பது நாளும் அங்கே காத்திருந்தார்.

காலண்டர் அச்சானதும் பாய் ஒரு கட்டு எடுத்து என் பைக்கில் ஏற்றி அந்தக் கேட்டுக்குக் கொண்டுபோனார். இந்த முறை அரை கிலோமீட்டர் முன்னாலேயே இறங்கி, நாங்கள் எந்த டிபார்ட்மெண்டும் இல்லை என்று சொல்லிக்கொண்டே நடந்தோம். எஸ்தர் அக்கா தன் படத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ, முன்னமே சொல்லிருந்தா தலை சீவிட்டு வந்திருப்பேனே பாய்!" என்று கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொண்டே மூன்று காலண்டர் வாங்கிக்கொண்டார்.

பாய் இப்போது வேலையை விட்டு, கல்யாணமான மகளோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். அங்கே படம் எடுப்பதில்லையாம். "இங்க ஆளாளுக்கு மரத்தப் பாக்குறாக தம்பி. எனக்கு வேலையே இல்ல" என்றார் போனில்.

போன பங்குனியில் ஒரு கல்யாணத்துக்கு விருதுநகர் வந்தவர் என்னைக் கூப்பிட்டார். காய்ச்சல் என்று ஆபீஸில் சொல்லிவிட்டுப் போனேன். நாள் முழுக்கத் தெருத்தெருவாக வெயிலில் சுற்றினோம். உருப்படியாக ஒரு படம்கூட அமையவில்லை. அவர் பஸ் ஏறுவதற்கு முன்னால்தான் எனக்குத் தோன்றியது, இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. "நில்லுங்க பாய்" என்று செல்போனை எடுத்தேன். அவ்வளவுதான், வெளிச்சம் எந்தப் பக்கம், கையை எப்படிப் பிடிக்க வேண்டும், மூச்சை எப்போது அடக்க வேண்டும் என்று பஸ் ஹாரன் அடிக்கும்வரை பாடம் நடத்தினார். அவசரத்தில் அழுத்திவிட்டேன்.

படத்தில் பாதி என் விரல். மீதிப் பாதியில் அவர் என்னைத் திட்டிக்கொண்டே சிரிக்கிறார். போனில் இடமில்லை, இதையாவது அழித்துத் தொலையுங்கள் என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நான் வேறு எதையாவது அழித்துக்கொண்டிருக்கிறேன்.