சோற்று அண்டாவில் வெந்த ஸ்வெட்டர்கள்

மதுரை வெயிலைவிட அதிகமாக என்னை வாட்டி எடுத்தவர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் கம்பளி வார்டன்தான். இத்தனை வருஷம் கழித்தும் அவரை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கூடவே கழுத்தும் அரிக்கிறது.

எழுபதுகளின் கடைசியில், வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஒரு மிஷன் விடுதியில் இருந்தேன். கடல் தாண்டி ஏதோ ஒரு சபையிலிருந்து, ஏழைகளுக்கென்று பெரிய பெரிய மூட்டைகள் வந்து இறங்கின. பிரித்தால் அத்தனையும் பழைய கம்பளி ஸ்வெட்டர். அனுப்பிய புண்ணியவான்களில் ஒருத்தராவது மதுரை எந்தத் திசையில் இருக்கிறது என்று விசாரித்திருக்கக் கூடாதா? மார்கழியிலேயே விசிறியோடு படுக்கிற ஊர் இது.

வார்டனுக்கு அந்த மூட்டையின் வாடை பிடிக்கவில்லை. அழுக்குத் துணி என்றால் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். சோற்று அண்டாவை அடுப்பில் ஏற்றி, சோடாவைக் கொட்டி, வேட்டியை வேகவைப்பதுபோல ஸ்வெட்டர்களை வேகவைத்துவிட்டார். துரைமார் போட்ட ஸ்வெட்டரெல்லாம் தொட்டில் பிள்ளைக்குக்கூடப் பத்தாத அளவுக்குச் சுருங்கி, சாக்குப்போலத் தடித்து வெளியே வந்தன. மறுநாள் சோற்றிலும் ஆட்டு வாடை அடித்தது.

விடுதிக் கமிட்டியின் செக்ரட்டரி வந்து குதித்தார். தானமாக வந்த பொருளை நாசம் பண்ணியவரை வீட்டுக்கு அனுப்பாமல் விடமாட்டேன் என்றார். எந்த வீட்டுக்கு? விடுதியின் மூலை அறையை விட்டால் வார்டனுக்கு வேறு போக்கிடம் கிடையாது. ஒன்றையும் வீணாக்க மாட்டேன் என்று கெஞ்சித் தவணை வாங்கிக்கொண்டு கத்திரிக்கோலை எடுத்தவர்தான், கீழே வைக்கவே இல்லை.

வெந்த கம்பளியை வெட்டினால் நூல் பிரியாது என்று அவர் கண்டுபிடித்தது எங்கள் கெட்ட காலம். நாற்காலிக்குக் கம்பளி மெத்தை. தண்ணீர்ப் பானைக்குக் கம்பளிச் சட்டை. ஜன்னலுக்குக் கம்பளித் திரை போட்டதில், வருகிற கொஞ்சம் காற்றும் வெளியிலேயே நின்றுவிட்டது. கடைசியில் ஒவ்வொருத்தி தலையணைக்கும் கம்பளி உறை, அதுவும் சித்திரை மாதத்தில். எங்கள் கழுத்தெல்லாம் வேர்க்குரு. என் அறையில் இருந்த மேலூர்க்காரி உறையைக் கழற்றி ஒளித்து வைத்தாள். வார்டன் தேடிப் பிடித்து மாட்டிவிட்டு, "அம்புட்டும் ஆட்டு முடி தாயி, குளிர்ச்சி" என்றார். குளிர்ச்சியாம்! நான் அவரைத் திட்டாத நாள் இல்லை. மறைவாக அல்ல, முகத்துக்கு நேராகவே.

செக்ரட்டரி பார்வையிட வந்த மத்தியானம் கரண்ட் இல்லை. வெள்ளை பேண்ட்டோடு சிவப்பு மெத்தையில் உட்கார்ந்து, கமிட்டியின் கௌரவத்தைப் பற்றிப் பேசினார். பேசப் பேச நெளிந்தார். எழுந்து திரும்பியபோது பார்த்தால், அண்டாவில் வெந்தும் போகாத சாயம் அவர் வேர்வையில் இறங்கியிருந்தது. நாங்கள் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டோம்.

"இந்தக் குப்பையெல்லாம் கொளுத்திட்டு, இன்னைக்கே கிளம்புங்கம்மா" என்றார் வார்டனிடம். வார்டன் திரையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ.

"சார், அந்தம்மாவைத் திட்டுறதுக்கு நாங்க இருக்கோம். தினமும் திட்டிக்கிட்டுத்தான் இருக்கோம். நீங்க யாரு இடையில?"

உள்ளே போய் என் தலையணையை எடுத்து வந்து கூடத்துத் தரையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தேன். மேலூர்க்காரியும் கொண்டுவந்தாள். பிறகு எல்லோரும். அந்தப் புழுக்கத்தில் முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது, ஒருத்திகூடச் சொறியவில்லை. அவரை அனுப்பினால் நாங்களும் பெட்டியைக் கட்டுகிறோம் என்று சொல்லிவிட்டோம். செக்ரட்டரி முதுகைச் சுவரோடு ஒட்டிவைத்தபடியே வாசல்வரை நகர்ந்து வெளியேறினார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

வார்டன் ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். "தலையணையத் தரையில போட்டா உக்காருவீக? அழுக்காகாது?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லா உறையையும் கழற்றினார். மறுபடி வேகவைக்கத்தான்.

அதில் ஒன்று இன்னும் என் கட்டிலில் இருக்கிறது. தூக்கிப் போடச் சொல்லி வீட்டில் தினமும் சண்டை. யாராவது தொட்டுப் பார்க்கட்டும். வேறு தலையணையில் எனக்குத் தூக்கம் வருவதில்லை.