மாப்பிள்ளையின் இடது காது

"காது தெரியலையாம்" என்றார் சந்தானம், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

பியானோ முன்னால் உட்கார்ந்திருந்த லாஸ்லோ எழுந்துவிட்டான். "எந்தக் காது மாமா?"

"உங்க காதுதான். இடது. கல்யாண போட்டோல மாலை மறைச்சிண்டிருக்காம். காது தெரிஞ்சாத்தான் கார்டுன்னுட்டா."

"போன வாரம் என் பெயர் தலைகீழா இருக்குன்னு சொன்னா. இப்போ காதா?"

"ஆபீஸ்னா அப்படித்தான் இருக்கும். நீங்க எதுக்கு நிக்கறேள், உக்காருங்கோ" என்று சொல்லிவிட்டு மாமனார் காபி கலக்கப் போனார்.

லாஸ்லோ ஹங்கேரிக்காரன். பாலிகஞ்சில் ஒரு பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுக்கிறான். சந்தானத்தின் பெண் சாதனாவைக் கல்யாணம் செய்துகொண்டு நாலு வருஷம் ஆகிறது. இந்தியப் பெண்ணின் புருஷன் என்கிற உரிமையில் ஒரு கார்டு வாங்கிவிட்டால், வருஷா வருஷம் விசாவுக்காகக் கால் கடுக்க நிற்க வேண்டாம். ஆயுசு பூராவும் லேக் மார்க்கெட் இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். சித்திரையில் மனுப் போட்டார்கள். துர்கா பூஜை போய், காளி பூஜையும் போய்விட்டது. கார்டு வந்தபாடில்லை.

அந்தக் கார்டை நம்பி இன்னொரு பிரயாணமும் தொங்கிக்கொண்டிருந்தது. சந்தானத்தின் மனைவி சாவித்ரி காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து சென்னையில் இருக்கும் பிள்ளை நரேன், "பொண்ணு மாப்பிள்ளையோட எத்தனை நாள்ப்பா இருப்பே? நாலு பேர் என்னைன்னா கேக்கறா. கிளம்பி வா" என்று போனில் பிடுங்கி எடுத்தான். கடைசியில் சந்தானம் ஒரு வாக்குக் கொடுத்தார்: "மாப்பிள்ளைக்குக் கார்டு கைக்கு வரட்டும். மறுநாளே ரயில்."

கிடர்பூர் துறைமுகத்தில் முப்பத்திநாலு வருஷம் கப்பல் சரக்குக் காகிதங்கள் பார்த்தவர் சந்தானம். "என் மேஜையிலேருந்து ஒரு பேப்பர் தப்புன்னு திரும்பி வந்தது கிடையாது, தெரியுமோ?" என்று வாரத்துக்கு இரண்டு தடவை சொல்லுவார். எனவே கார்டு காரியம் முழுவதும் அவர் கையில். ஆபீஸுக்குப் போவது அவர். மனுவில் கொடுத்திருந்த போன் நம்பரும் அவருடையதுதான். ஓடிபி வந்தால் அவருக்குத்தான் வரும். தபாலைத் தவறவிடக்கூடாது என்று போஸ்ட்மேன் பிஷு-தாவுக்குக்கூட பூஜையிலிருந்து தினம் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி கொடுத்துவந்தார். இப்படிப்பட்ட மாமனார் யாருக்குக் கிடைப்பார் என்று லாஸ்லோ உருகிப் போயிருந்தான்.

உருகினதோடு குற்ற உணர்ச்சி வேறு. ஏனென்றால் சந்தானம் தினம் காலையில் பால்கனியில் நின்றுகொண்டு, "இந்த ஊர்ல மனுஷன் இருப்பானா? மாடிப்படி ஏறினா மீன் வாசனை, கீழே இறங்கினா ஊர்வலம். எப்படா கிளம்புவோம்னு இருக்கு" என்பார். லாஸ்லோ சொன்னதைச் சொன்னபடியே நம்புகிற பேர்வழி. பாவம், என்னால்தான் இந்த மனுஷர் இங்கே மாட்டிக்கொண்டு தவிக்கிறார் என்று அவனுக்குப் படுக்கை கொள்ளவில்லை.

"ஆல்பத்தை எடுங்கோ. வேற போட்டோல காது இருக்கும்" என்றான்.

ஆல்பத்தை எடுத்தார்கள். நூற்றிப்பத்து போட்டோ. ஊஞ்சலில் காது இல்லை. ஊஞ்சலுக்கு இடது பக்கம் சாவித்ரி பாலும் பழமுமாக நின்றுகொண்டிருந்தாள். காசி யாத்திரையில் குடையைப் பிடித்துக்கொண்டு சாவித்ரி. பாணிக்கிரகணத்தில் சாவித்ரியின் கை. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் மாப்பிள்ளையின் இடது காதுக்கும் கேமராவுக்கும் நடுவே மாமியார் ஆஜர்.

"பாருங்கோ இவளை! எதுலயும் குறுக்க வந்து நிப்பா. நாப்பது வருஷமும் இப்படித்தான்" என்றார் சந்தானம். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் ஒவ்வொரு போட்டோவையும் முதலிலிருந்து இன்னொரு தடவை பார்த்தார். காதுக்காகப் பார்க்கவில்லை என்பது லாஸ்லோவுக்கே தெரிந்தது.

லாஸ்லோவின் தமிழும் சாவித்ரி கொடுத்ததுதான். சமையலறையில் அவள் பின்னாலேயே சுற்றிக் கற்றுக்கொண்ட தமிழ். முதல் மாதம் அவன் மாமனாரை "ஏன்னா" என்று கூப்பிட்டான். அவள் அப்படித்தானே கூப்பிடுகிறாள், அதுதான் அவர் பெயர் என்று நினைத்துவிட்டான். சாவித்ரி அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் ரசம் பொங்கி அடுப்பே அணைந்துபோயிற்று.

"பேசாம புதுசா ஒரு போட்டோ எடுத்துடலாம் மாமா" என்றான் லாஸ்லோ.

சந்தானத்தின் முகம் மலர்ந்தது. "பேஷ்! அதே பஞ்சகச்சம், அதே பட்டுப்புடவை. கரியாஹாட்ல எனக்குத் தெரிஞ்ச ஸ்டூடியோ ஒண்ணு இருக்கு."

பாங்கில் வேலை பார்க்கும் சாதனா, "எனக்கு லீவு கிடையாதுப்பா" என்று கத்திப் பார்த்தாள். நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டுப்புடவையும் கழுத்தில் மாலையுமாக அவளும், பஞ்சகச்சத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு லாஸ்லோவும் மாடியிலிருந்து இறங்கினார்கள். முன்னால் சந்தானம் மல்வேஷ்டியில். சந்தனம், குங்குமம் எதையும் அவர் விடவில்லை.

கீழ்வீட்டு மேக்னா கதவைத் திறந்தாள், பார்த்தாள், உள்ளே ஓடினாள். திரும்பி வந்தவள் கையில் சங்கு. ஒரே ஊது! கூடவே குலவையும் போட்டாள். எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன.

"மறுபடியும் கல்யாணமா? என்கிட்ட சொல்லவே இல்லையே, காக்கு!" என்று சந்தானத்திடம் கோபித்துக்கொண்டாள்.

"சும்மா போட்டோவுக்கும்மா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று மூன்று பேர் வாயிலும் ஆளுக்கொரு சந்தேஷ் இனிப்பைத் திணித்துவிட்டு, மேக்னா அந்தக் காட்சியைப் போனில் பிடித்துக் குடியிருப்பு வாட்ஸாப்பில் போட்டாள்.

போட்டோ பிரமாதமாக வந்தது. அதில் காது மட்டும்தான் தெரிந்தது என்றுகூடச் சொல்லலாம். சந்தானம் அதை உறையில் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினார். சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"என்ன மாமா?"

"காது சரியாம். ஆள்தான் வேறயாம்."

"ஆள் வேறயா?"

"பழைய போட்டோல தாடி இல்லை, புதுசுல இருக்கு. ஒரே பொண்ணு, ரெண்டு மாப்பிள்ளையான்னு கேக்கறா. ரெண்டும் ஒருத்தர்தான்னு அஃபிடவிட் குடுக்கணுமாம்."

லாஸ்லோ தாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "வக்கீல்கிட்ட போலாமா?"

"வக்கீலுக்கு என்ன தெரியும்? கிடர்பூர்ல என்னோட வேலை பார்த்த சுந்தரம் இருக்கான். அவன் டைப் அடிச்சா அதுக்கு அப்பீலே கிடையாது."

அடுத்த வாரம் இருவரும் கிடர்பூர் போனார்கள். பத்து மணிக்கு முடிந்திருக்க வேண்டிய வேலை. சாயங்காலம் நாலு ஆயிற்று. பழைய ஆபீஸ் வாசலில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர், "அரே, சந்தானம்-தா!" என்று ஓடிவந்தார். அப்புறம் லாரிக்காரர் ஒருவர், டீக்கடைக்காரர், டீக்கடைக்காரரின் மச்சினர். மண்கோப்பையில் டீ வந்தது, மறுபடி வந்தது. கப்பல் போவதற்காகப் பாலம் திறந்து மூடுகிறவரை சந்தானம் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்.

"சாவித்ரிக்கு இந்தப் பாலம்னா உசிரு. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த மறுநாள் இங்கதான் அழைச்சிண்டு வந்தேன். 'ரோடு எழுந்து நிக்கறதே!'ன்னு என் கையைப் பிடிச்சிண்டா" என்றார். "அதுக்கு முன்னாடி என் கையை அவ தொட்டதே இல்லை, ஹோமத்துல தவிர."

லாஸ்லோவுக்கும் அவள் ஞாபகம் வந்தது. அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவசரத்தில் வாய் பழைய வழக்கத்துக்குப் போய்விட்டது.

"ஏன்னா! பஸ் வந்துடுத்து, ஓடி வாங்கோ!"

சந்தானம் ஓடிவரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். பஸ் போய்விட்டது.

"சாரி மாமா, தப்பா கூப்பிட்டுட்டேன்."

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லை" என்றார். "அடுத்த பஸ்ஸுக்கும் அப்படியே கூப்பிடுங்கோ."

வீட்டுக்கு வந்த பிறகுதான் லாஸ்லோ சுந்தரத்தின் அஃபிடவிட்டைப் படித்தான். படிக்கப் படிக்க அவன் முகம் வெளுத்தது. 'மேற்படி சாதனா என்பவர், தாடியில்லாத தன் முதல் கணவரையும் தாடியுள்ள இரண்டாம் கணவரையும் ஒருவராகவே பாவித்துச் சந்தோஷமாகக் குடும்பம் நடத்திவருகிறார்' என்று ஸ்டாம்ப் பேப்பரில் ஸ்பஷ்டமாக இருந்தது.

"மாமா! இதுல எனக்கு முன்னாடி ஒருத்தன் இருக்கானே!"

"அடடா! கவனிக்கலையே" என்றார், முப்பத்திநாலு வருஷம் ஒரு கமாவைக்கூடத் தப்பவிடாத சந்தானம். "அதனாலென்ன, விசாதான் மார்ச் வரைக்கும் இருக்கே. நாளைக்கே மறுபடி கிடர்பூர் போயிட்டு வந்துடலாம்."

மறுபடி போனார்கள். சுந்தரம் முதல் கணவரை அடித்துவிட்டு மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்துக் கொடுத்தார். அதைத் திருத்த இன்னொரு தடவை. சாதனா பொறுமை இழந்து, "நானே லீவு போட்டுண்டு ஆபீஸுக்குப் போறேன்" என்று கிளம்பிய அன்றைக்குப் பார்த்து சந்தானத்துக்கு மூட்டுவலி வந்துவிட்டது. அவள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள்.

இதற்குள் மேக்னாவின் வாட்ஸாப் படம் ஊர் சுற்றி, மார்கழி பிறக்கும்போது சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. நரேன் போன் செய்தான்.

"என்னப்பா நடக்கறது அங்க? சாதனாவுக்கு ரெண்டாம் கல்யாணமாம், நீ முன்னால நின்னு நடத்தி வெச்சியாம்?"

"கார்டுக்காகடா."

"கார்டாவது மண்ணாங்கட்டியாவது! போதும். சனிக்கிழமை நானே வரேன். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருக்கும் ரயில்ல டிக்கெட் போட்டாச்சு."

சொன்னபடி வந்து இறங்கினான். வந்தவன் உட்காரக்கூட இல்லை. அப்பாவின் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி ஹாலில் வைத்தான். சந்தானம் அந்தப் பெட்டியைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வாக்குன்னா வாக்குடா. கார்டு வராம நான் நகரமாட்டேன். மாப்பிள்ளையை நட்டாத்துல விட்டுட்டா வரச் சொல்றே?"

சாதனா அப்பாவின் சட்டைகளை மடிக்கிற சாக்கில் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் போகக்கூடாது என்று அவளுக்கு ஆசை. ஆனால் அவரே தினமும் ஊரைத் திட்டிக்கொண்டு நிற்கும்போது எந்த முகத்தோடு 'இருங்கோ' என்பது?

லாஸ்லோவுக்கும் அதே சங்கடம். நரேனிடம், "ஒரே ஒரு நாள் குடு. கார்டு தபால்ல எங்கயாவது மாட்டிண்டிருக்கும். நான் கண்டுபிடிச்சுடறேன். மாமா நிம்மதியா கிளம்பட்டும்" என்றான்.

"எனக்கென்னவோ அனுப்பியே இருப்பான்னு தோணறது" என்றான் நரேன். "வா, போஸ்ட்மேனைக் கேப்போம். இப்போ வர்ற நேரம்தானே?"

சந்தானம் சட்டென்று எழுந்தார். "பிஷுகிட்ட நான் கேக்கறேன். நீங்க ரெண்டு பேரும் காபி சாப்பிடுங்கோ."

"உங்களுக்கு மூட்டுவலி, மாமா."

"அதெல்லாம் சரியாயிடுத்து!"

"சரியாகலை, நேத்திக்குக்கூட ஒத்தடம் குடுத்தேன்" என்று சாதனா அவரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

மைத்துனர்கள் இருவரும் கீழே இறங்கி கேட்டருகில் நின்றார்கள். பிஷு-தா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். முப்பது வருஷமாக இந்தத் தெருவுக்குத் தபால் போடுகிறவர். நரேனை அரை நிஜாரில் பார்த்தவர்.

"பிஷு-தா, எங்க ஜாமாய்பாபு லாஸ்லோவுக்கு அரசாங்கத்துலேருந்து ஒரு கார்டு வரணும். வந்துதா?" என்று நரேன் வங்காளத்தில் கேட்டான்.

பிஷு-தா தலையை நிமிர்த்தி மாடியைப் பார்த்தார். பால்கனியில் சந்தானம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாய்மேல் விரலை வைத்து நின்றுகொண்டிருந்தார். 'எனக்குத் தெரியாதா, பயப்படாதீங்க' என்கிற மாதிரி பிஷு-தா அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு காபிக்கு நன்றியுள்ள மனிதராக, நெஞ்சில் கைவைத்து நரேனிடம் சொன்னார்:

"மகாலயா அமாவாசைக்கு முன்னாடியே சந்தானம் பாபு கையெழுத்துப் போட்டு வாங்கி அரிசி டின்னுக்குள்ள வெச்சாரே, அந்தக் கார்டுதானே? அது வந்துட்டா அவர் இந்த ஊரை விட்டுப் போகணுமாம். அதனால இன்னும் வரலை!"