துணையற்றோர் மாதம்

உலகம் இன்னும் அழியாமல் இருப்பதற்கு எங்கள் பங்குக் கோயிலின் 'மாதாந்திரச் செபக்கருத்துக் குழு'வே காரணம் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். குழுவில் எட்டுப் பேர், நான் செயலாளர். மழைக்காக ஒரு மாதம் மன்றாடினோம், அடுத்த வருடமே பெய்தது.

யாருக்காகச் செபிப்பது என்ற இந்த மாதக் கருத்து 'துணையற்றோர்'. மெழுகுவத்தி ஏற்றுவதா, மின்விளக்கே போதுமா என்று ஒன்றரை மணிநேரம் காரசாரமாக விவாதித்துக்கொண்டிருந்தோம். கோயில் பெருக்கும் அக்கா துடைப்பத்தோடு வாசலில் வந்து நின்றார்.

"சார், செவ்வாய்க்கிழமை கண்ணுல ஆபரேஷன். கூட ஒருத்தர் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் செய்வாங்களாம். எனக்குன்னு யாரு இருக்கா? உங்கள்ல யாராவது வரமுடியுமா?"

எங்களுக்கு மெய்சிலிர்த்தது. கருத்துக்கேற்ற ஆள் தன் காலாலேயே நடந்து வருவதென்றால் சும்மாவா!

"கவலப்படாதம்மா. நாங்க எட்டுப் பேருமே உன்கூட இருப்போம்" என்றார் தலைவர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பேச்சில் வள்ளல்.

அக்காவின் முகம் மலர்ந்தது. "அவ்வளவு பேர் எதுக்கு சார்? ஒருத்தர் போதுமே."

"செபத்துல இருப்போம்னு சொன்னேன்."

"அப்ப ஆஸ்பத்திரிக்கு?"

"அது எப்படி முடியும்?" குழுவிலிருந்த தையல்கார அம்மா பதறிவிட்டார். "அன்னிக்குக் காலைல உனக்காகச் செபம் இருக்கே!"

தீர்மானம் ஒன்று: செவ்வாய் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அக்காவுக்காகச் சிறப்புச் செபம். தீர்மானம் இரண்டு: அந்நேரத்தில் குழுவினர் எவரும் வெளியே செல்லலாகாது. இரண்டும் ஏகமனதாக நிறைவேறின. அக்கா விட்ட இடத்திலிருந்து பெருக்கப் போனார்.

செவ்வாயன்று மூன்று மணிநேரம் உருகினோம். அக்கா இல்லாததால் கோயில் பெருக்கப்படவில்லை, தூசியில் வந்த தும்மலையும் அவருக்காக ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்தோம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பக்கத்துக் கட்டில்காரரின் மருமகன், உறவுமுறை என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாராம். ஒரு செபம்கூடத் தெரியாத மனிதர், பாவம். வெற்றி குழுவினுடையது என்று அறிக்கையில் எழுதினேன்.

ஞாயிறு பூசையில், ஆளாளுக்கு மைக்கில் வேண்டுதல் சொல்லும் மன்றாட்டு நேரம் வந்தது. கண்ணில் கட்டோடு அக்கா விறுவிறுவென்று போய் மைக்கைப் பிடித்தார்.

"உக்காந்த எடத்தவிட்டு எந்திரிக்க முடியாம இருக்கிற எட்டுப் பேருக்காக. அவங்க காலுக்குச் சீக்கிரம் சுகம் கெடைக்கணும்னு ஆண்டவரே உம்மை மன்றாடுறோம்."

யாரோ நோயாளிகள் என்று நினைத்து இன்னும் இறுகக் கைகூப்பினேன். முதல் வரிசையில் இருந்த நாங்கள் எட்டுப் பேரும் மற்ற எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னோம்: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"