ஹாலில் ஒரு நீர்நிலை

ராசாங்கத்தின் வீட்டு ஹாலில், டி.வி.க்கும் பிரிட்ஜுக்கும் நடுவே உள்ள சுவர் ஐப்பசி முதல் தேதியிலிருந்து வேர்க்க ஆரம்பித்தது.

குன்னம் பக்கம் எங்கள் தெருவில் அது புது மெத்தை வீடு. அரியலூரிலிருந்து சிமெண்டு லாரி ஓட்டி, எட்டு வருஷமாகச் சிறுகச் சிறுகக் கட்டியது. அவர் அப்பாவும் தாத்தாவும் கூரைவீட்டிலேயே காலத்தை ஓட்டியவர்கள். அதனால் சுவரில் ஈரத்தைக் கண்டதும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததுபோல் கலங்கிப் போனார். காலையில் நிரப்பிய டேங்க் மத்தியானமே காலி. தண்ணீர் சுவருக்குள் ஒழுகுகிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை.

"பிளம்பரைக் கூப்புடுங்க" என்றாள் மனைவி வெற்றிச்செல்வி.

"அவன் வந்தா வூட்டையே கொத்திப் போட்டுருவான். ஆப்ல போட்டா ஆபீசரே வருவாரு."

அந்த மாதம் எங்கள் தெருவில், கொசு கடித்தால்கூட அடிப்பதற்கு முன் அரசாங்கத்தின் புகார் ஆப்பில் பதிவு செய்வதுதான் நாகரிகம். ராசாங்கம் போனில் அதைத் திறந்தார். புகாரின் வகை கேட்டது. தெருவிளக்கு, தெருநாய், நீர்நிலை என்று மூன்றே இருந்தன. விளக்கும் இல்லை, நாயும் இல்லை. நீர்நிலையை அழுத்தினார்.

மூன்றாம் நாள் நீர்நிலைப் பாதுகாப்பு அலுவலர் குருமூர்த்தி அளக்கும் டேப்போடு வந்தார்.

"நீர்நிலை எங்கங்க?"

"இந்தச் சுவத்துக்குள்ளதான் சார். எங்கேர்ந்து ஒழுவுதுன்னு கண்டுபுடிச்சுக் குடுங்க."

"ஊற்று வேற செக்‌ஷன். நான் எல்லையை மட்டும் அளப்பேன்."

அளந்தார், எழுதினார். 'கிழக்கே டி.வி., மேற்கே பிரிட்ஜ், வடக்கே பாத்ரூம், தெற்கே சோபா. இந்நான்கெல்லைக்குட்பட்ட நீர்நிலை ஒன்று.' எழுதி முடித்துத் தலையைத் தூக்கியவர் முகம் மாறிவிட்டது.

"என்னங்க இது? நீர்நிலை மேல வீடு கட்டியிருக்கீங்க!"

பதினைந்து நாளில் ஆக்கிரமிப்பை அகற்ற நோட்டீஸ் வந்தது. ராசாங்கம் சோற்றில் கை வைக்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

வெற்றிச்செல்வி உட்காரவில்லை. எல்லாக் குழாயையும் மூடினாள். மாடியேறி வால்வுகளை ஒவ்வொன்றாக அடைத்து, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை டேங்கை எட்டிப் பார்த்தாள். சமையற்கட்டு லைனை அடைத்தும் தண்ணீர் இறங்கியது. பாத்ரூம் லைனை அடைத்ததும் அப்படியே நின்றது. உடனே அந்த வால்வை மறுபடி திறந்துவிட்டு, எவர்சில்வர் டம்ளரைப் பாத்ரூம் சுவரில் கவிழ்த்து, அதன் அடியில் காதை வைத்தாள். வேடிக்கை பார்க்கப் போன நாங்களும் மூச்சை அடக்கி நின்றோம்.

"கீசருக்குக் கீழ உஸ்ஸுங்குது!"

பிளம்பர் விக்கி வந்து ஒரே ஒரு டைல்ஸைத்தான் உடைத்தான். உள்ளே பைப் முட்டியில் விரிசல். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. பத்தே நாளில் சுவர் காய்ந்தது. காய்ந்த சுவரைப் படம் பிடித்துக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் ஆபீசுக்கு ஓடினார்கள்.

"சார், இப்பத் தண்ணியே இல்லீங்க. நோட்டீஸை ரத்து பண்ணிடுங்க."

குருமூர்த்தி எழுந்தே நின்றுவிட்டார். "நீர்நிலையை அழிச்சுட்டு போட்டோ வேற காட்டுறீங்களா?"

"பைப்பைத்தானே சார் மாத்துனோம்?"

"அது நீர்வரத்துப் பாதை. அடைச்சது தனிக் குத்தம்."

வெற்றிச்செல்விக்குத் தாங்கவில்லை. "தண்ணி இருந்தா வூட்டை இடிப்பீங்க. இல்லன்னா கேஸ் போடுவீங்க. நாங்க என்னதான் சார் பண்றது?"

குருமூர்த்தி இரக்கமுள்ளவர். விதிப் புத்தகத்தை ஒரு மணி நேரம் புரட்டினார். "வழி இருக்கு. நீர்நிலையைப் பழையபடி ஆக்கிட்டு, அதுக்குக் காவலரா எழுதிக் குடுத்துருங்க. காவலர் தங்க ஒரு இடம் வேணும்ல? அந்தக் கணக்குல வீடு நிக்கலாம்."

"ஊத்தத் தண்ணி?"

"லாரி வரும்."

மறுநாளே வந்தது. காய வைத்த சுவரில் வெற்றிச்செல்வி பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீரை அடித்தாள், கண்ணிலிருந்தும் கொஞ்சம் வந்தது. வாசலில் பலகை மாட்டினார்கள். 'பாதுகாக்கப்பட்ட நீர்நிலை எண் 1. காவலர்: ராசாங்கம்.'

ஒரு வாரம் தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. எட்டாம் நாள் பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள் சிரிப்பை நிறுத்தினாள்.

"ஏங்க, நம்ம தெருக்குழாயில காலையில அரை மணி நேரந்தான் தண்ணி. இவுங்க வாசலுக்கு மட்டும் தெனம் லாரி வருதே?"

அன்று மாலையே அவள் வீட்டுப் பாத்ரூமில் சுத்தியல் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் விக்கிக்கு மூச்சு விட நேரமில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் கேட்பது ஒரே கேள்விதான். "எந்த இடத்துல ஒழுவணும்?"

இப்போது எங்கள் தெருவில் நாற்பத்து மூன்று நீர்நிலைகள். லாரிகளை நிரப்ப எங்கள் தெருக்குழாய்த் தண்ணீரையே திருப்பிவிட்டார்கள், குழாய் அடியோடு நின்றுவிட்டது. லாரித் தண்ணீர் நீர்நிலைக்கு மட்டுமே, ஒரு குடம்கூடச் சமையற்கட்டுக்குப் போகக் கூடாது என்று குருமூர்த்தி தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் தெருவுக்கே ஒரு பெருமைதான். கல்யாணப் பத்திரிகையில்கூட நீர்நிலை எண் போடுகிறார்கள்.

நாற்பத்து மூன்றாவது என்னுடையது. படுக்கையறைச் சுவர், நல்ல ஈரம். அவசியம் குடும்பத்தோடு வந்து பாருங்கள். குடிக்கத் தண்ணீர் மட்டும் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.