ஃபேனுக்குள் புகுந்த வைரஸ்

இருட்டி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. சின்ன அறையிலிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது. கர்ர்ர் என்று தொடங்கி, டகடகவென்று ஓடி, மறுபடியும் கர்ர்ர். தகர டப்பாவுக்குள் வண்டை அடைத்து, அந்த வண்டுக்குப் பல்லும் முளைத்துவிட்டது போல.

கூடத்தில் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்திருந்த துணை மேலாளரின் காதில் தேன் பாய்ந்தது.

அலுவலகத்தில்தான் அவர் துணை மேலாளர். வீட்டில் மேலாளர் வேறு ஆள். இவர் வெறும் துணை. ஆனால் இன்று அப்படியில்லை. புதுக் கம்ப்யூட்டருக்குச் சம்மதம் வாங்காமல் படுப்பதில்லை என்று காலையில் பல் துலக்கும்போதே தீர்மானித்துவிட்டார். அவருடைய கார்ப் பந்தய விளையாட்டு பழைய கம்ப்யூட்டரில் மாட்டுவண்டிப் பந்தயமாக நகர்ந்தது. கேட்கும்போதெல்லாம் மனைவி சொல்வது ஒன்றே ஒன்று: "நல்லா ஓடுறதை எதுக்குங்க மாத்தணும்?"

ஓடாமல் செய்துவிட்டால்?

அலுவலகம் கிளம்புமுன்பே தன் விசிட்டிங் கார்டைப் பாதியாகக் கிழித்தார். ஒரு பாதியை மடித்து, கம்ப்யூட்டரின் பின்பக்கக் கம்பி வழியாக ஃபேனில் உரசும்படி சொருகினார். மறுபாதியை எங்கேயோ போட்டார். பெரிய மூளைகள் குப்பையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

மனைவி இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். இன்னும் மூன்று வாரத்தில் அவளுக்கு ஆசிரியர் தேர்வு. அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆறு மாதக் கோரிக்கை. அந்த ஒரு மணி நேரம் எப்போதும் பந்தயத்திலேயே போய்விடும்.

"ஏங்க, அது உறுமுது."

"எது?"

"கம்ப்யூட்டர்தான். படிக்கலாம்னு போட்டேன். கிட்டப் போகவே பயமா இருக்கு."

குக்கர் விசிலிலிருந்து லிஃப்ட் கதவு வரை அவளுக்கு எல்லாமே பயம். குழந்தை பிறந்த பிறகு அது இரண்டு மடங்கு. அந்தப் பயத்தை நம்பித்தான் அவர் களத்தில் இறங்கியிருந்தார்.

அறைக்குள் போய்க் காதை வைத்துக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார்.

"வைரஸ்."

"வைரஸ்னா ஃபைலைத்தானே கெடுக்கும்? இரும்பையும் கெடுக்குமா?"

"முதல்ல ஃபைல். அப்புறம் ஃபேன். ஃபேன் போனா சூடு. சூடானா உள்ள இருக்கறது எல்லாம் மெழுகா உருகிடும். மேஜைகூடப் பத்திக்கும்."

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "ஐயோ, இது எப்படிங்க உள்ள வந்தது?"

"கேம், கீம் இறக்கினா வரும். விடு. வந்ததைப் பேசி என்ன? புதுசு வாங்கறது ஒண்ணுதான் வழி."

"சரிங்க."

துணை மேலாளருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவு சுலபமா?

"எதுக்கும் கீழ்வீட்டு அக்கா ஒரு தடவை பாத்துடட்டும்," என்றாள் அவள். சொல்லி முடிக்குமுன் வாசல் மணி அடித்தது.

கீழ்வீட்டு அக்கா கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். கையில் ஸ்க்ரூ டிரைவரோடே வந்திருந்தார். அது ஏன் என்று துணை மேலாளர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

"வைரஸ்தான் ஃபேனை உடைச்சிருக்கு அக்கா," என்றார் முந்திக்கொண்டு.

"வைரஸ் ஃபைலை அழிக்கும், திருடும், பூட்டு போடும்," என்றபடி அக்கா மூடியைக் கழற்றினார். "எப்பவாவது ஒண்ணு, சிப்புல எழுதியிருக்கறதையே அழிச்சு மெஷினை எழுந்திருக்க விடாம பண்ணும். ரொம்பச் சூடானா மெஷின் தானே அணைஞ்சுக்கும் தம்பி. ஆனா அட்டையை மடிச்சுச் சொருகற வைரஸை நான் பாத்ததில்லை."

மேஜைமேல் அரை அட்டை விழுந்தது. அதில் 'துணை மேலா' வரை இருந்தது.

"வந்த வைரஸ் விலாசம் குடுத்துட்டுப் போயிருக்கு," என்றார் அக்கா. மூடியை மாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். கம்ப்யூட்டர் சமர்த்தாக ஓடியது.

மனைவி அந்த அரை அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"முடிவாச் சொல்லுங்க. வைரஸ் இருக்கா, இல்லையா?"

துணை மேலாளர் வேகமாகக் கணக்குப் போட்டார். இல்லை என்றால், அட்டையைச் சொருகியது யார் என்று கேள்வி வரும். இருக்கிறது என்றால், மானமாவது மிஞ்சும்.

"அட்டை எப்படியோ விழுந்திருக்கும். ஆனா வைரஸும் இருக்கு. சத்தியமா இருக்கு."

"கேம் இறக்கினா வரும்னீங்க. இந்த வீட்டுல கேம் இறக்கறது யாரு?"

அவர் குழந்தையைப் பார்த்தார். அது கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு அவரையே பார்த்தது.

"அப்ப உங்க கை அதுல படக் கூடாது. எனக்குப் பயமா இருக்குங்க. குழந்தை இருக்கற வீடு. மேஜை பத்திக்கும்னு நீங்கதானே சொன்னீங்க. மூணு வாரம் நான் மட்டும் தொடறேன், பாப்போம்."

குழந்தை அவர் தோளுக்கு மாறியது. அவள் பாடப் புத்தகத்தோடு அறைக்குள் போனாள்.

"ஏம்மா, வைரஸ் இல்லைன்னு நான் சொல்லியிருந்தா?"

அவள் புத்தகத்தைத் திறந்து அடையாளத்துக்கு வைத்திருந்ததை எடுத்துக் காட்டினாள். ஓரமெல்லாம் எச்சிலில் ஊறிய அரை அட்டை. 'ளர்' என்றிருந்தது.

"மத்தியானம் குழந்தை வாயிலேர்ந்து எடுத்தேன். மீதியைத் தேடினா, கம்ப்யூட்டர் கம்பிக்குள்ள சொருகியிருந்தது. அப்பதான் அக்காவை வரச் சொன்னேன். இல்லைன்னு சொல்லியிருந்தா, இதைப் பத்திப் பேசியிருப்போம்."

கதவைச் சாத்தினாள். புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் யாரும் தொந்தரவு செய்யாமல் விளையாட வேண்டுமென்று, போன ஞாயிற்றுக்கிழமை துணை மேலாளரே எண்ணெய் போட்டுச் சரிசெய்த தாழ்ப்பாள், உள்ளேயிருந்து வழுக்கிக்கொண்டு விழுந்தது.