காதில் பஞ்சு

அண்ணனின் நினைவுக் கூட்டம் தொடங்கும் நேரத்தில், டேப்ரிக்கார்டர் அவன் கேசட்டைத் தின்ன ஆரம்பித்தது.

"இழுக்காதீங்க தம்பி," என்றாள் அண்ணி.

தம்பி இழுத்தார். ஒரு முழம் நாடா வெளியே வந்தது. இன்னொரு முழம் உள்ளே போனது.

"வேற ஏதாவது போடுங்களேன். இந்த வீட்ல அவர் பாட்டே கேட்டதில்லையே."

"உங்களுக்குத் தெரியாது அண்ணி. கல்யாணத்துக்கு முன்னாடி அவனுக்கு டிஸ்கோன்னா உசுரு. நான்தான் கேக்க விடமாட்டேன். இன்னைக்காவது முழுசா ஓடட்டும்."

அம்மா இறந்த வருடம் தம்பிக்குப் பதினாறு வயது. கிட்டாரோடு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நாட்டுப்பாட்டும் ராக்கும்தான் இசை, டிஸ்கோ என்பது தையல் மெஷினுக்குச் சலங்கை கட்டிய சத்தம் என்பது அவர் கட்சி. அண்ணன் கூடத்தில் அதைத்தான் அலறவிடுவான். தம்பி கதவைத் திறந்து வந்து கத்துவார். கத்தி முடிப்பதற்குள் அண்ணன் சாப்பாட்டுத் தட்டை நீட்டியிருப்பான். கத்தின வாய்க்குப் பசிக்கும். சாப்பிட்டுக்கொண்டே மீதியையும் கத்துவார்.

இப்போது கத்தரிக்கோலால் நாடாவை வெட்டி, செலோடேப் போட்டு ஒட்டினார். புரட்டி ஒட்டிவிட்டார். பாடகி தலையணைக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்டது.

"தொண்டை கட்டிக்கிச்சு போல," என்றார் முன்வரிசைப் பெரியப்பா.

தம்பி சத்தத்தைக் கூட்டினார். ஸ்பீக்கர் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது. வேறு ஒயரைச் செருகினார். விளக்கு அணைந்து, மின்விசிறியும் நின்றது.

"தம்பி, போதும். உக்காருங்க," என்றாள் அண்ணி.

தம்பி உட்காரவில்லை. உள்ளே போய்க் கிட்டாரை எடுத்து வந்தார். வெறுத்து வெறுத்தே அந்தப் பாட்டு அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. ஆனால் அந்த வேகம் கைக்கு வரவில்லை. நாட்டுப்பாட்டைப்போல மெதுவாக இழுத்துப் பாடினார்.

"கதவைத் திற, ஆட வா…"

யாருக்கும் ஆடத் தோன்றவில்லை. பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இரண்டாவது அடியில் தம்பியும் நிறுத்திவிட்டார்.

கூட்டம் கலைந்தபிறகு, அண்ணனின் பள்ளித் தோழர் நெட்டையர், கசங்கிய கேசட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது என்னோடதுப்பா. இரவல் வாங்கிட்டுப் போனவன், திருப்பியே தரல."

"அவ்வளவு பிடிச்சிருக்கு அவனுக்கு," என்றார் தம்பி.

"பிடிச்சுதா? காதுல பஞ்சை அடைச்சுக்கிட்டுல்ல போடுவான். ஏன்டா இந்தப் பாடுன்னு கேட்டா, 'இதைப் போட்டாத்தான்டா என் தம்பி சாப்பிட வெளிய வர்றான்'னு சொல்வான்."